டிஸெபிலிட்டி பென்ஷன் (பணியில் ஊனமான படைவீரர்களுக்கான ஓய்வூதியம்) நின்றுபோன அனுபவம் உங்களுக்கும் உண்டா?

முன்னாள் நாயக், காலாட்படை:

1988ல் அமைதிப்படையில் இலங்கையில் இருந்தபோது கண்ணிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தேன். வலது கையில் இரண்டு விரல்கள் போயின. மிச்ச விரல்களில் தோல் வெந்து, ரேகை என்று எதுவும் தங்கவில்லை. பல மாதம் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் கிடந்து, இனிப் பணிக்குத் தகுதியில்லை என்று மெடிக்கல் போர்டு எழுதி போர்டு அவுட் ஆகி ஊர் வந்து சேர்ந்தேன். போர்க்காயப் பென்ஷன் அப்போது பெரிய தகராறு இல்லாமல் கிடைத்துவிட்டது. வாங்கிக்கொண்டிருப்பது நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் வயதாக ஆக எனக்குப் பெரும்பாடாக இருக்கிறது.

முன்பெல்லாம் நவம்பரில் வங்கிக்குப் போய் மேனேஜர் முன்னால் கையெழுத்துப் போட்டால், உயிரோடு இருக்கிறேன் என்று வருடா வருடம் காட்டும் லைஃப் சர்டிபிகேட் முடிந்தது. அவருக்கு என்னைத் தெரியும், எனக்கு அவரைத் தெரியும். அப்புறம் அதையே விரல் ரேகை வைத்து கம்ப்யூட்டரில் முடிக்கும் ஜீவன் பிரமாண் வந்தது, ஆதார் வந்தது, பென்ஷன் வங்கியிலிருந்து பாதுகாப்புத் துறையின் ஸ்பர்ஷ் இணையதளத்துக்கு மாறியது. ஒரு நவம்பரில் கம்ப்யூட்டர் மையத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்த பெண் ஈரத்துணியால் என் விரலைத் துடைத்து, அந்தச் சின்னக் கருவியின் மேல் தன் கையாலேயே அழுத்திப் பிடித்தாள். சிவப்பு விளக்கு. அடுத்த விரல், மறுபடி சிவப்பு. கருவிழியைப் படிக்கும் கருவி அவர்களிடம் இல்லை. "கண்ணு மெஷின் இருக்கிற இடத்துக்குப் போங்க ஐயா" என்றாள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பின்னால் காத்திருந்த கூட்டத்தை விட்டுவிட்டு எனக்காக அவ்வளவு நேரம் மெனக்கெட்டாள்.

வங்கியில் கேட்டால், இது இனி எங்கள் கையில் இல்லை என்றார்கள். அடுத்தடுத்த மாதங்களில் பென்ஷன் வரவில்லை. மருந்துக் கடையில் கடன் சொல்ல வேண்டியதாயிற்று. நாட்டுக்காகக் காலைக் கொடுத்தவன் என்று ஊர் மரியாதை செய்யும் இடத்தில் கடன் சொல்வது எவ்வளவு கூச்சம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

கடைசியில் வழி காட்டியவர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஓர் எழுத்தர். விரல் ரேகை இல்லாமலும் முடிக்கலாம், தாளில் எழுதிய லைஃப் சர்டிபிகேட்டில் அதிகாரம் உள்ள அலுவலரிடம் கையெழுத்து வாங்கி ஸ்பர்ஷில் ஏற்றலாம் என்று அவர்தான் சொன்னார். அவரே ஏற்றியும் கொடுத்தார். நின்றுபோன தொகை அரியருடன் வந்தது. 2021 நவம்பரிலிருந்து போன் கேமராவில் முகத்தைக் காட்டியே முடிக்கும் வசதியும் இருக்கிறது. இப்போது பேரன் போனைப் பிடிக்கிறான், நான் கண்ணை இமைக்கிறேன், முடிந்தது.

என் கேள்வி இதுதான். விரல் இல்லை என்று எழுதி பென்ஷன் கொடுத்ததே அரசாங்கம்தான். அந்தக் குறிப்பு என் கோப்பில் இருக்கும்போது விரலை வை என்று ஏன் கேட்க வேண்டும்? உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

*

முன்னாள் ஹவில்தார், பீரங்கிப் படை:

அண்ணா, உங்களுக்காவது பென்ஷன் நின்றது உடனே தெரிந்தது. எனக்கு நின்றதே தெரியாது.

2003ல் சர்வீஸ் முடித்து வந்தேன். முதுகுத் தண்டில் அடி, அதனால் உடல்தகுதி குறைந்தவன் என்று லோ மெடிக்கல் கேட்டகரி. வெளியே வரும்போது பார்த்த ரிலீஸ் மெடிக்கல் போர்டு ஊனம் 30 சதவீதம் என்று போட்டது, ஆனால் 'இரண்டு வருடத்துக்கு' என்று எழுதியிருந்தது. நம் டிஸெபிலிட்டி பென்ஷனில் சர்வீஸ் எலிமென்ட், டிஸெபிலிட்டி எலிமென்ட் என்று இரண்டு பங்கு உண்டு அல்லவா? இரண்டு வருடம் முடிந்ததும் இரண்டாவது பங்கு நின்றுவிட்டது. ஊனத்தை மறுபடி பார்க்கும் ரீசர்வே போர்டுக்கு வரச் சொல்லிக் கடிதம் போட்டார்களாம். நான் அதற்குள் வாடகை வீடு மாறியிருந்தேன். பாஸ்புக்கில் ஒரே தொகையாகத்தான் விழும். அந்தச் சமயம் டிஏ உயர்ந்ததும் பிடித்தங்களும் சேர்ந்து வந்ததால் குறைந்தது கண்ணில் படவில்லை.

வருடங்கள் கழித்து, கூட வேலை பார்த்த ஒருவர் தன் பிபிஓவை (பென்ஷன் உத்தரவுத் தாள்) என் பிபிஓவோடு வைத்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் விளங்கியது. எழுதிக் கேட்டேன். நீங்கள் ரீசர்வேக்கு வரவில்லை, எனவே முடிந்துவிட்டது என்று இரண்டு வரியில் பதில்.

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகம் 2001 பிப்ரவரி 7ம் தேதி போட்ட கடிதத்தில், அடிக்கடி ரீசர்வே போர்டு வைக்கும் வழக்கத்தை நிறுத்தியாயிற்று. நிரந்தரமான ஊனம் என்றால் போர்டு சொன்ன சதவீதம் ஆயுசுக்கும், நாமாகக் கேட்டால் தவிர. நிரந்தரம் இல்லாததற்கு ஒரே ஒரு மறுபரிசீலனை. 2019ல் கமாண்டர் ராகேஷ் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கடிதத்தை வைத்தே, ஐந்து வருடத்துக்கு என்று போட்டிருந்த டிஸெபிலிட்டியை வாழ்நாள் முழுக்கக் கொடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பைச் சேர்த்து ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மனுப் போட்டேன். வாழ்நாள் முழுக்க என்று உத்தரவு கிடைத்தது. சதவீதத்தை அடுத்த படிக்கு உயர்த்தும் ரவுண்டிங் ஆஃப் செய்து 30ஐ 50ஆகவும் ஆக்கினார்கள். போர்டு அவுட் ஆனவர்களுக்கு மட்டுமே கொடுத்துவந்த அந்தச் சலுகை, சர்வீஸ் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பு வந்தது.

ஆனால் அரியர் மனுப் போட்ட தேதிக்கு முன் மூன்று வருடத்துக்கு மட்டும்தான். உச்ச நீதிமன்றம் தர்சேம் சிங் வழக்கில் 2008ல் சொன்ன தீர்ப்பைக் காட்டி அதற்கு மேல் கொடுக்கவில்லை. நடுவில் போன வருடங்கள் போனதுதான். என் மகள் கல்லூரிப் படிப்பெல்லாம் அந்த வருடங்களில்தான். நான் போகாத போர்டுக்காக அவள் கல்விக்கடன் கட்டினாள். எனக்கு ஆறவே ஆறாத விஷயம் அது.

*

ஒரு முன்னாள் சிப்பாயின் மனைவி:

வணக்கம். என் கணவர் வண்டி கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போர்டு ஆகி வந்தவர். நூறு சதவீத ஊனம். அவரைப் புரட்டிப் போடுவது, குளிப்பாட்டுவது, சிறுநீர்ப் பையை மாற்றுவது எல்லாம் நான்தான். இதற்காக கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்று மாதாமாதம் தனியாகக் கொடுப்பார்கள். பென்ஷன் புது முறைக்கு மாறிய பிறகு அந்த அலவன்ஸ் மட்டும் வரவில்லை. மற்றதெல்லாம் சரியாக வருகிறது.

கேட்டால், பழைய பிபிஓவில் அந்த வரி இருக்கிறது, புதிதில் ஏறவில்லை, திருத்தம் வாங்கி வாருங்கள் என்கிறார்கள். கரிஜெண்டம் பிபிஓ என்று பெயராம். அதற்கு எழுதினால், என் பெயரும் அவர் பெயரும் ஆதாரோடு பொருந்தவில்லை என்று திரும்பி வருகிறது. அவருக்கு இனிஷியல் ஓர் எழுத்து. பட்டாளத்தில் அதை அவர் அப்பா பெயராக விரித்து, பெயருக்குக் கடைசியில் எழுதிவிட்டார்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கிறது. நம் ஊரில் யாருக்கும் இது இரண்டு ஆள் என்று தோன்றாது. அங்கே உட்கார்ந்து பார்க்கிறவருக்கு இரண்டு ஆளாகத் தெரிகிறது. என் பிறந்த தேதி வேறு, திருமணத்தைப் பட்டாளப் பதிவில் ஏற்ற பார்ட் டூ ஆர்டர் போட்டபோது மாறிப் பதிவாகியிருக்கிறது.

ஆதார் மையத்துக்கு அவரையே கூட்டி வாருங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸ் வைத்து, படுக்கையோடு தூக்கிப் போனோம். அன்று சர்வர் வேலை செய்யவில்லை. வண்டிக்குள் படுத்தபடி அவர் சிரித்தார், எனக்குத்தான் அழுகை வந்தது. அவருக்குப் படுக்கைப்புண் வரக்கூடாது என்று பொழுதெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறவள் நான். வீட்டை விட்டு அரை நாள் போனால் யார் திருப்பிப் போடுவது? இதை மனுவில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

*

முன்னாள் சுபேதார், எழுத்தர் பிரிவு:

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. சர்வீஸ் முழுக்க இந்தக் காகிதங்களோடுதான் இருந்தேன்.

முதலில் பெயர். ஆதாரை மாற்ற ஓடாதீர்கள். டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒரே ஆளுடையது என்று நோட்டரி முன் அஃபிடவிட் எழுதி, இரண்டின் நகலையும் வைத்து, அவருடைய சர்வீஸ் ஆவணங்கள் இருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். உங்கள் பிறந்த தேதிக்கு பள்ளிச் சான்றிதழை வையுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநரின் முகப்புக் கடிதத்தோடு போனால் மதிப்பு கூடும். அலவன்ஸ் நின்ற விஷயத்தைத் தனி மனுவாக எழுதுங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் ஒன்றுக்குப் பதில் போட்டு இன்னொன்றை விட்டுவிடுவார்கள். எத்தனையோ கோப்பில் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, மெடிக்கல் போர்டு நடவடிக்கைத் தாள், ஏஎஃப்எம்எஸ்எஃப்-16 என்பார்கள். அதன் நகல் உங்களிடம் இருக்கிறதா? அட்டெண்டன்ஸ் அலவன்ஸுக்குப் போர்டு பரிந்துரை செய்த வரி அதில்தான் இருக்கும். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி உடனே கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். இது எல்லோருக்கும் சொல்கிறேன். பழைய ஆவணங்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள், அழித்துவிடுவார்கள். அப்புறம் நம்மிடம் உள்ள நகல்தான் சாட்சி. விபத்தில் அடிபட்டவர்கள் இஞ்சுரி ரிப்போர்ட்டையும் வாங்கி வையுங்கள்.

நோய்க்கு சர்வீஸ் காரணம் இல்லை, சர்வீஸால் அது மோசமாகவும் இல்லை என்று போர்டு எழுதி, டிஸெபிலிட்டியே மறுக்கப்பட்டவர்கள் நம் ஆட்களில் நிறைய பேர். அந்த ஒரு தாளைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். அவர்களிடம் யாரும் 2013ம் வருட தரம்வீர் சிங் தீர்ப்பைச் சொல்வதில்லை. சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு எழுதாத பட்சத்தில், அது சர்வீஸில் வந்ததாகத்தான் கருத வேண்டும், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது என்றது உச்ச நீதிமன்றம். முதல் அப்பீல், இரண்டாவது அப்பீல், அதற்குப் பிறகு தீர்ப்பாயம் என்று வழி இருக்கிறது. நிராகரிப்புக் கடிதம் வந்த உறையையும் சேர்த்து வையுங்கள், தபால் முத்திரைத் தேதி அப்பீலுக்கு உதவும்.

*

முன்னாள் லான்ஸ் நாயக், சிக்னல்ஸ்:

லைஃப் சர்டிபிகேட்டுக்கு மட்டும் ஒரு வரி. நடமாட முடியாதவர்கள் வீட்டுக்குத் தபால்காரரை வரவழைக்கலாம். 2020லிருந்து போஸ்டல் பேங்க் இதைச் செய்கிறது, கட்டணம் 70 ரூபாய். எங்கள் தெருவில் பார்வை இழந்த ஒரு முன்னாள் படைவீரருக்கு வருடா வருடம் இப்படித்தான் நடக்கிறது.

2022 ஏப்ரல் மாதப் பென்ஷன் எத்தனை ஆயிரம் பேருக்கு நின்றது என்று நினைவிருக்கும். வருடாந்திர அடையாளம், அதாவது லைஃப் சர்டிபிகேட், பதிவாகவில்லை என்றார்கள். அமைச்சகம் தலையிட்டு மே மாதத் தொடக்கத்தில் ஒருமுறைச் சலுகையாக விடுவித்து, மே 25 வரை அவகாசம் கொடுத்தது. அன்று சத்தம் எழுந்ததால் நடந்தது. தனியாளாக நிற்கும்போதும் அதே வேகம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

*

முன்னாள் நாயக், காலாட்படை:

ஹவில்தார் தம்பி, உங்கள் மனுவின் நகலைப் பெயர் மறைத்து இங்கே போட முடியுமா? என் கூட இருந்த இருவருக்கு இதே 'இரண்டு வருடத்துக்கு' கதைதான். சுபேதார் சாப் சொன்னதைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு நாளைக்கே அவர்கள் வீட்டுக்குப் போகிறேன்.

*

ஒரு முன்னாள் சிப்பாயின் மனைவி:

சாப், மிக்க நன்றி. இரும்புப் பெட்டியில் தேடினேன். போர்டு தாளின் முதல் இரண்டு பக்கம் மட்டும் இருக்கிறது, பரிந்துரை எழுதிய பக்கம் இல்லை. ஆர்டிஐ மனு எழுதி, போஸ்டல் ஆர்டர் வைத்து அனுப்பிவிட்டேன். அஃபிடவிட்டுக்கு நோட்டரியை வீட்டுக்கே வரச் சொல்லியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.