ஆப்பிரிக்கன் வயலட்டில் இலை இருக்கிறது, பூ இல்லை. வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. குன்னூர் நர்சரி ஒன்றில் வாங்கிய ஆப்பிரிக்கன் வயலட் சென்னையில் எங்கள் ஃபிளாட்டில் இருக்கிறது. வந்தபோது இருந்த ஊதாப் பூக்கள் உதிர்ந்தபின் மொட்டே வைக்கவில்லை. இலைகள் மெத்தென்று நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் காம்புகள் நீண்டு ஜன்னல் பக்கமாகவே சாய்கின்றன. வெளிச்சம் போதவில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது வடக்கு ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறேன். மேற்கு ஜன்னலில் வெயில் சுளீரென்று அடிக்கும், இலை கருகிவிடும். அதனால் எல்இடி ட்யூப் மாட்டலாமா என்று யோசனை. தினமும் 12 மணி நேரமாவது வெளிச்சமும், இரவில் 8 மணி நேரம் இருட்டும் தேவை என்பது தெரியும். செடிக்கும் விளக்குக்கும் எவ்வளவு இடைவெளி விடுகிறீர்கள்? சாதாரண வெள்ளை ட்யூப் போதுமா?

தண்ணீரில் பிரச்சினை இருக்காது. தட்டில் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்சவிட்டு, அரை மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுவேன். இலைமேல் குளிர்ந்த நீர் பட்டால் தழும்பு விழும், நடுக்குருத்தில் தேங்கினால் அழுகும் என்பதால் மேலே ஊற்றுவதே இல்லை.

பெரிய கவலை கோடைதான். டான்சானியாவின் உசம்பாரா மலைக்காட்டுச் செடி இது. 18 முதல் 24 டிகிரி வரைதான் அதற்குச் சுகம். மே மாதச் சென்னையை எப்படித் தாங்கும்? ஏசி அறையில் வைத்தால் காற்று வறண்டுவிடுகிறது. கூழாங்கல் தட்டில் தண்ணீர் விட்டு, அதன்மேல் தொட்டியை வைத்தால் பலன் உண்டா?

சமவெளியில் பூக்கவைத்தவர்கள் சொன்னால் நல்லது. ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் குளிருக்கு அது தானாகவே பூக்கும்! அப்புறம், கோகோபீட் (தென்னைநார்த் தூள்), பெர்லைட் (காற்றோட்டத்துக்குச் சேர்க்கும் வெள்ளைத் துகள்) கலவையில் என்ன உரம், எத்தனை நாளைக்கு ஒருமுறை போடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.