கட்டுரை நோட்டும் மரத்துப்போன விரலும்: டாக்டரிடம் என்ன சொல்வது?

நோட்டுத் திருத்தித் திருத்திக் கை வலிக்கும் ஆசிரியர்களுக்கு, சக ஆசிரியர்கள் நாலு பேர் புனைபெயரில் சொல்லும் யோசனைகள்.

சிவப்புப் பேனா:

"கை வலிக்குது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரைதான் கிடைக்கும். எந்த விரல், எந்த நேரம் என்று சொன்னால்தான் கோளாறு பிடிபடும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி, இவை மட்டும் மரத்துப்போய், ராத்திரி எழுந்து கையை உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபடுகிறது என்று சந்தேகிப்பார்கள். கார்பல் டனல் என்பது இதைத்தான். சுண்டுவிரல் மரத்துப்போனால் அது வேறு நரம்பு, முழங்கையில் தேட வேண்டும். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டு ஓரத்தில் சுருக்கென்று குத்தினால் பெரும்பாலும் தசைநாண் உறையின் வீக்கம்.

இன்னொன்று இருக்கிறது. சோறு பிசைய, பொத்தான் போட ஒரு தொல்லையும் இல்லை. பேனா பிடித்தால் மட்டும் விரல்கள் தாமாக மடங்கி இழுக்கின்றன. இது ரைட்டர்ஸ் கிராம்ப், நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டியது. வாயால் விளக்கிப் பயனில்லை. பாதி திருத்திய நோட்டையும் வழக்கமான பேனாவையும் எடுத்துப்போய் அவர் முன்னாலேயே பத்து வரி எழுதிக் காட்டுங்கள்.

எட்டாம் பாடவேளை:

சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நம்ம ஆட்கள் டாக்டருக்குக் குறிப்பு எழுதினாலும் முன்னுரையில்தான் ஆரம்பிப்பார்கள். "கடந்த இருபது ஆண்டுகளாகத் தமிழாசிரியராகப் பணியாற்றி வரும் நான்..." அவர் முதல் வரியைத் தாண்ட மாட்டார். இப்படி இருந்தால் போதும்:

"வலது கை. முதல் மூன்று விரல் மரப்பு, 3 மாதமாக. இரவு 2 மணிக்கு எழுப்புகிறது. வாரம் 160 நோட்டு திருத்துகிறேன். சர்க்கரை 6 வருடம், மெட்ஃபார்மின் 500, காலை, இரவு."

இதைப் படித்ததும் அவரே இரண்டு மணிக்கட்டையும் மடக்கி, புறங்கைகளை ஒன்றோடொன்று சேர்த்து ஒரு நிமிடம் வைக்கச் சொல்வார். அதற்குள் மரப்பு வருகிறதா என்று பார்ப்பதுதான் முதல் சோதனை.

ஸ்டாஃப் ரூம் மூலை:

சர்க்கரையும் தைராய்டு குறைவும் கார்பல் டனலுக்கு வழி விடும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் எழுதுவார்கள். இங்கேதான் பள்ளி நேரம் குறுக்கே வரும். சாப்பாட்டுக்குப் பின் எடுக்கும் ரத்தத்துக்கு இரண்டு மணி நேரம் என்பது முதல் வாய் வைத்ததிலிருந்து கணக்கு. பலர் கை கழுவியதிலிருந்து எண்ணுகிறார்கள். 7:30க்கு இட்லியைத் தொட்டால் 9:30க்கு லேபில் இருக்க வேண்டும், அப்போது நமக்கு முதல் பாடவேளை. 6:30க்குத் திறக்கும் லேபாகப் பாருங்கள். வெறும் வயிற்று ரத்தம் கொடுத்துவிட்டு 6:45க்குச் சாப்பிட்டால் 8:45க்கு முடிந்துவிடும். டாக்டர் வேறு மாதிரி சொல்லாதவரை, வழக்கமான சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். மாத்திரையை விட்டுவிட்டுப் போனால் எண் கூடிக் காட்டும். அதை நம்பி மருந்தையும் கூட்டிவிடுவார்கள்.

மூன்று மாதச் சராசரி பார்க்கும் ஹெச்பிஏ1சிக்குப் பட்டினி வேண்டாம். ரத்தசோகை இருந்தால் மட்டும் அது தப்பாகக் காட்டலாம், முன்பே சொல்லிவிடுங்கள். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடும் டீச்சர்கள் அதையும் சொல்லுங்கள். தைராய்டு ரிப்போர்ட்டையே அது குழப்பும். இரண்டு நாள் முன்னால் நிறுத்தச் சொல்வார்கள்.

சாக்பீஸ் தூள்:

நரம்பு எவ்வளவு வேகமாகச் செய்தி கடத்துகிறது என்று பார்க்கும் நரம்பு ஓட்டப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தால் அன்று கையில் எண்ணெய், க்ரீம் தடவாதீர்கள், மின்முனை ஒட்டாது. மோதிரம், வளையல் கழற்ற வேண்டும். சின்னச் சின்ன ஷாக்தான், ஆனால் முதல் தடவை தூக்கிப் போடும். ஏசி அறையில் காத்திருந்து கை சில்லிட்டுப் போனால் நரம்பு வேகம் நிஜத்தைவிடக் குறைவாகப் பதியும். கூப்பிடும் வரை கையைத் துண்டால் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும்.

கார்பல் டனலுக்கு மணிக்கட்டை நேராக வைக்கக் கட்டும் பட்டை விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கடையில் வாங்கும் பட்டையின் உள்ளங்கைப் பக்கம் ஒரு உலோகத் தகடு இருக்கும். அது பெரும்பாலும் மேல்நோக்கி வளைந்தே வரும். அப்படியே கட்டினால் மணிக்கட்டுக்குள் அழுத்தம் குறையாது. தகட்டை உருவி நேராக்கிச் செருகுங்கள், அல்லது பிசியோவிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். ராத்திரியில் போட வேண்டியது, ஆறு வாரமாவது. நாலு நாள் போட்டுவிட்டு "கேக்கல" என்றால் எப்படி?

எட்டாம் பாடவேளை:

விடுப்புக் கணக்கு: தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் சி.எல். (தற்செயல் விடுப்பு) வருடத்துக்கு 12 நாள்தான். ஓ.பி.க்கு அரை நாளாக எடுங்கள். பரிசோதனை ஒரு நாள், ரிசல்ட் காட்ட ஒரு நாள் என்று பிரித்தால் இரண்டு அரை நாள் போகும். சாயங்கால கிளினிக் என்றால் ரிசல்ட்டுக்கு விடுப்பே வேண்டாம். ஆபரேஷன் வரை போனால் மருத்துவ விடுப்பு. சான்றிதழின் தேதி விடுப்பு தொடங்கும் நாளோடு பொருந்த வேண்டும். திரும்பிச் சேரும்போது உடல்தகுதிச் சான்று இல்லாமல் ஹெச்.எம். கையெழுத்து போட மாட்டார்.

சிவப்புப் பேனா:

பட்டை கட்டிய ஆறு வாரமும் எல்லாப் பிழையையும் எழுதித் திருத்த வேண்டாம். ஓரத்தில் 'ச' போட்டால் சந்திப் பிழை, 'ஒ' போட்டால் ஒருமை பன்மை மயக்கம், 'எ' போட்டால் எழுத்துப் பிழை. பையனே கண்டுபிடித்துத் திருத்தட்டும். பால்பாயிண்ட்டுக்குப் பதில் தடித்த ஜெல் பேனா, அழுத்தம் குறையும். இருபது நோட்டுக்கு ஒருமுறை கையைக் கீழே போடுங்கள்.

ஸ்டாஃப் ரூம் மூலை:

பட்டையோடு வண்டி ஓட்டாதீங்க சார், பிரேக் பிடிக்க வராது.