புதுப்பிப்பு: பழைய மலையேற்றப் பைக்கு விடை கொடுத்தாச்சு

பையின் உள்பூச்சு உரிந்து பிசுபிசுக்கிறது, பழுது பார்க்கலாமா, புதிது வாங்கலாமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? டவுனில் தையல்கார அண்ணனிடம் காட்டினேன். வாரைத் தைத்துவிடலாம், பூச்சுக்கு வழியில்லை என்றார். மலேசியாவில், இந்தச் சுங்கை சிப்புட் ஊர்ப் புழுக்கத்தில் பாலியூரித்தேன் (தண்ணீர் புகாமல் தடுக்கும் ஒருவகை பிளாஸ்டிக்) பூச்சு அப்படித்தான். அலமாரியில் சும்மா கிடந்தாலும் ஈரக்காற்றே அதைச் சிதைத்துவிடும்.

சரி, புதிதே வாங்கிவிட்டேன். பழையது காலியாகவே இரண்டரை கிலோ, இது 900 கிராம். உள்ளே சுமையைத் தாங்கும் சட்டகம் (ஃபிரேம்) கிடையாது, 10 கிலோவுக்கு மேல் ஏற்றினால் தோள் கெஞ்சும். அதனால் கூடாரத்துக்குப் பதில் ஃபிளைஷீட்டும் (மேலே கட்டும் மழைத் தடுப்பு விரிப்பு) தொங்குபடுக்கையும்தான். மழை உறை வாங்கவில்லை. முதுகுப் பக்கமாக எப்படியும் தண்ணீர் இறங்கும். உள்ளே தடித்த குப்பைப் பை போட்டு வாயை முறுக்கிக் கட்டுவதே மேல். அடுத்து ஏறப்போவது 2,183 மீட்டர் உயர குனோங் கோர்பு மலை.

பழையதன் கொக்கிகள் நன்றாகவே இருக்கின்றன, வேண்டுமென்றால் சொல்லுங்கள்.