புதுப்பிப்பு: மஞ்சளாகும் போர் தண்ணீர், பரிசோதனை முடிவு வந்துவிட்டது

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டுப் போர் தண்ணீர் பிடிக்கும்போது பளிச்சென்று இருந்து, கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகிறது, ஆர்.ஓ. (சவ்வு வழியாக உப்பை வடிகட்டும் கருவி) போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிவு வந்தது: இரும்புதான் அதிகம். கிருமி இல்லை. டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 640 மி.கி., இந்தியத் தரப்படி 500-க்குள் நல்லது, வேறு வழியில்லையென்றால் 2000 வரை.

கரைந்திருக்கும் இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகப் படிகிறது. சரி, ஆர்.ஓ. போடாமல் அதையே தொட்டியில் நடக்கவிட்டோம்: ஷவர் வழியாக விழும் தண்ணீர் இரவெல்லாம் தெளிந்து, மணல் வடிகட்டியில் இறங்குகிறது. வேட்டியில் காவி ஏறுவது நின்றது. மணலை அலசினால் செங்கல் நிறத்தில் சேறு! இரும்போடு ஆர்.ஓ.வில் விட்டிருந்தால் சவ்வு அடைத்திருக்கும்.

முன்பு கேட்டபோது தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொன்னவருக்கு: கிருமி சாகும், உப்பு குறையாது. வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீருக்கு ஆர்.ஓ.தான்.