ரோலர் காம்பாக்டட் காங்கிரீட்: 'திமிசுக் கற்காரை' எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

குடிநீர் அணை மேம்பாட்டுச் சொற்பட்டியலில் ரோலர் காம்பாக்டட் காங்கிரீட்டுக்கு, அதாவது ரோலர் ஓட்டி அழுத்திப் போடும் காங்கிரீட்டுக்கு, 'உருளை இறுக்கக் கற்காரை' (கற்காரை என்பது காங்கிரீட்) என்று நண்பர் பரிந்துரைத்திருந்தார். ஆங்கிலச் சுருக்கமே போதும் என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். அணைப் பொறியாளர்கள் இதையும் ஆர்.சி.சி. என்றே சுருக்குகிறார்கள் என்பதால் அது சரிவராது, நம்மூரில் ஆர்.சி.சி. என்றால் கம்பி கட்டிப் போடும் காங்கிரீட் என்பது சித்தாளுக்கும் தெரியும், இதிலோ கம்பிக்கட்டே கிடையாது.

பொருள் இன்னதென்று தெளிவாக்க ஒரு பணியை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் சான் டியேகோ நகருக்காக 1943இல் கட்டி முடிக்கப்பட்ட சான் விசென்டே அணை 220 அடி உயரம் கொண்டிருந்தது. வெளியிலிருந்து வரும் குழாய்வழி நீர் நிலநடுக்கத்தாலோ வறட்சியாலோ தடைப்பட்டாலும் ஊர் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதற்காக அதை 117 அடி உயர்த்தி, 2014இல் பணியை நிறைவு செய்தார்கள். கூடுதலாகக் கிடைத்த கொள்ளளவு 1,52,000 ஏக்கர் அடி, அதாவது ஏறத்தாழ 6.6 டி.எம்.சி. பழைய அணையின் கீழ்ப்புறத்தில் சாய்த்தும் அதன் தலைமேல் ஏற்றியும் போடப்பட்டது இந்தக் கற்காரைதான். சிமெண்டும் நீரும் குறைவாக, ஈர மண்ணைப் போல இருக்கும் இக்கலவையை யாரும் ஊற்றுவதில்லை. புல்டோசரால் ஏறக்குறைய 30 செ.மீ. படையாக (அடுக்காக) விரித்து, அதிர்வு ரோலரை அதன்மேல் ஓட்டுகிறார்கள். இந்தியாவில் மகாராஷ்டிரத்தின் காட்கர் அணைகள் இம்முறையில் எழுந்தவை.

நண்பரின் சொல்லில் எனக்குள்ள தடை 'இறுக்கம்' பற்றியது. பணித்திட்டத்தில் கட்டாயம் இடம்பெறும் ஒரு விதியை அச்சொல்லால் எழுதினால், 'கீழ்ப்படை இறுகுமுன் மேற்படையை விரித்து இறுக்க வேண்டும்' என்று வரும். முதல் இறுகல் சிமெண்ட் நீருடன் வினைபுரிந்து தானே கெட்டிப்படுவது, இரண்டாவது எந்திரத்தால் அழுத்துவது. வேலை முழுவதும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை நம்பியே நடப்பதால், படை ஏறும் வேகம், கலவை ஆலையின் திறன், இரவுப்பணி ஆகிய அனைத்தும் அதைக் கொண்டே கணக்கிடப்படும்போது, ஒரே வேர்ச்சொல்லை இரண்டுக்கும் வைப்பது மேற்பார்வையாளரைக் குழப்பும். 'கெட்டிப்பு' என்றாலும் இதே சிக்கல்தான். 'உருளை'யோ வலிமைச் சோதனைக்கு வார்க்கும் மாதிரிக்கு ஏற்கெனவே பெயராகிவிட்டது.

ஆகவே 'திமிசுக் கற்காரை' என்று முன்வைக்கிறேன். தளம் போடுகிறவர்கள் மண்ணையும் ஜல்லியையும் திமிசுக்கட்டையால் இடித்துச் சமன்செய்வது இன்றும் வழக்கில் உள்ளது. அது கைக்கருவி ஆயிற்றே என்ற தயக்கம் எழலாம். ஆனால் பெயர் செயலுக்கே தவிரக் கருவிக்கு அன்று. விதியும் 'கீழ்ப்படை இறுகுமுன் மேற்படையை விரித்துத் திமிசிட வேண்டும்' என்று ஐயமின்றி நிற்கிறது. 'கற்காரை'க்குப் பதில் 'காங்கிரீட்' என்றே வைப்பதிலும் எனக்கு மறுப்பில்லை.

பட்டியலில் கோல்டு ஜாயின்ட்டுக்கு நேராக உள்ள 'குளிர் இணைப்பு' என்பதையும் சேர்த்தே மாற்றிவிடலாம். மேற்படை வரத் தாமதமாகிக் கீழ்ப்படை முந்தி இறுகிப்போனதால் ஏற்படும் மூட்டு அது, குளிருக்கும் அதற்கும் தொடர்பில்லை. மேற்பரப்பைக் கழுவிச் சாந்து பரப்பிய பிறகே அங்கு அடுத்த படை போட முடியும். அதற்கு 'முந்திறுகு மூட்டு' பொருந்துமா என்று களப்பணியில் உள்ள உறுப்பினர்கள் சொல்ல வேண்டுகிறேன்.