ஏற்காடு போகணும், வயிறு ஒத்துழைக்கல

சேலம் வந்து மூணு நாள் ஆச்சுங்க. முந்தாநாள் சாயங்காலம் ஒரு தள்ளுவண்டியில தட்டுவடை செட். ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல பீட்ரூட், கேரட் துருவல், வெங்காயம், ரெண்டு வகைச் சட்னி. கடிச்சதும் மொறுமொறுன்னு உடைஞ்சு சட்னி முழங்கை வரைக்கும் வழியுது. நாலு செட் உள்ள போயிடுச்சு. வண்டிக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், என் நாக்கு அப்படி.

நேத்துலேர்ந்து வயித்தால போகுது. காய்ச்சல், ரத்தம் எதுவும் இல்ல. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணியில கலக்கிக் குடிச்சிட்டுக் கிடக்கேன்.

நாளைக்கு ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவு வேற! வழியில சுத்தமான கழிப்பறை எங்க இருக்கு? மேல இட்லி, கஞ்சி மாதிரி காரமில்லாம எங்க கிடைக்கும்? ஏரிக்கரை மிளகாய் பஜ்ஜி ஒண்ணே ஒண்ணு... வேண்டாம்னு யாராவது அதட்டிச் சொல்லுங்க.