சவுண்டை 48 ஆக்கினால் கேசட் சின்க் சரியாகிவிடுமா?

நாடாப்பெட்டி:
நேற்று சேலம்_ஸ்டூடியோ கயலுக்குச் சொன்ன பதில் இது: “கல்யாண கேசட்டை டிவிடி ஆக்கும்போது சத்தம் படத்தோடு சேராமல் தனியாக ஓடினால் ஒரே காரணம்தான். சவுண்ட் 44.1 கிலோஹெர்ட்ஸில் இருக்கும். 48 ஆக்குங்கள், முடிந்தது.” இதற்கு நன்றி வேறு குவிகிறது. நம்பியவர்கள் டிஸ்க் எழுதி முடித்த பிறகு, தாலி கட்டி முடிந்து கெட்டிமேளம் கேட்கப்போகிறது.

44.1, 48 என்பவை சத்தத்தை நொடிக்கு எத்தனை ஆயிரம் தடவை அளக்கிறோம் என்ற கணக்கு. 44.1-ஐ 48 ஆக மாற்றினால் நீளம் மாறாது. ஒரு மணி நேரச் சத்தம் ஒரு மணி நேரமாகவே இருக்கும். டிவிடி 44.1-ஐ ஏற்காது, அதனால் மாற்றுகிறோம். அதோடு சரி.

சேலம்_ஸ்டூடியோ:
கேசட் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். 48 ஆக்கினேன், சரியானது. ஒரு வாடிக்கையாளர்கூட டிஸ்க்கைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது சார்.

நாடாப்பெட்டி:
44.1-ல் பிடித்ததை 48 என்று தப்பாக ஓட்டினால் ஒரு மணி நேரச் சத்தம் 55 நிமிடம் 7 நொடியில் முடிந்துவிடும். நாதஸ்வரம் சுருதி ஏறிக் கீச்சிடும். அந்தத் தப்பை மட்டும்தான் உங்கள் 48 சரிசெய்யும். கயல் கேட்டது அதுவா?

கயல்:
அப்பா அம்மா கல்யாண கேசட் அண்ணா. கேசட்டைக் கணினியில் ஏற்றும் யூஎஸ்பி ஸ்டிக்கில் பிடித்தேன், 48-ல்தான். தொடக்கத்தில் சரியாக இருக்கிறது. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு சத்தம் முக்கால் நொடி பிந்துகிறது.

சேலம்_ஸ்டூடியோ:
மறுபடி 48 ஆக்கிப் பாரும்மா. சாஃப்ட்வேர் 48 என்று காட்டும், உள்ளே 48 இருக்காது.

நாடாப்பெட்டி:
உள்ளே சரியாக 48 இருக்காது என்பது உண்மை. மலிவு ஸ்டிக்குகள் பலவற்றில் படத்துக்கு ஒரு சிப், சத்தத்துக்கு வேறு சிப். இரண்டும் ஒரே கடிகாரத்தில் ஓடுவதில்லை. சத்தத்தின் சிப் நொடிக்கு 48,000-க்குப் பதில் 48,010 தடவை அளந்தால் போதும், ஒரு மணி நேரத்தில் முக்கால் நொடி கூடிவிடும். அதை ‘மறுபடி 48’ ஆக்கினால் அந்த முக்கால் நொடி அப்படியே உட்கார்ந்திருக்கும். சத்தத்தின் மொத்த நீளத்தைப் படத்தின் நீளத்துக்குச் சுருக்க வேண்டும். ஆடாசிட்டி என்ற சவுண்ட் சாஃப்ட்வேரில் வேகத்தை 0.021 சதவீதம் கூட்டினால் வேலை முடிந்தது, காதுக்கு வித்தியாசமே தெரியாது.

சேலம்_ஸ்டூடியோ:
ஆக, 48-தான் காரணம் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

நாடாப்பெட்டி:
எங்கே ஒப்புக்கொண்டேன்? 48 ஆக்குவது வேறு, நீளத்தைப் பொருத்துவது வேறு. திரும்பப் படியுங்கள்.

ஃப்ரேம்_வேட்டை:
இருவரும் 48-ஐக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். பழைய கேசட்டில் நாடா தேய்ந்த இடத்தில் கேப்சர் கருவி சில ஃப்ரேமை, அதாவது தனித்தனிப் படங்களை, விட்டுவிடும். நம் ஊர் கேசட்டின் பால் (PAL) முறையில் நொடிக்கு 25 ஃப்ரேம், ஒன்றுக்கு 40 மில்லி நொடி. 19 ஃப்ரேம் போனால் அதே முக்கால் நொடி. படம் குறுகினால் சத்தம் பிந்தத்தான் செய்யும். டிபிசி (டைம் பேஸ் கரெக்டர், நாடாப் படத்தின் நேரத் தடுமாற்றத்தைச் சீராக்கும் கருவி) வைத்துப் பிடியுங்கள் என்று போன வருஷமே எழுதினேன். அப்போது நாடாப்பெட்டி என்னைப் ‘பணக்காரப் பொழுதுபோக்கு’ என்றார். நான் மறக்கவில்லை.

நாடாப்பெட்டி:
இப்போதும் அதையேதான் சொல்கிறேன். ஒரே ஒரு கல்யாண கேசட்டுக்காக டைம் பேஸ் கரெக்டர் வாங்கச் சொல்வது அநியாயம். கயல், 30-வது நிமிடத்தில் பாருங்கள். அங்கே பாதி, அதாவது 0.37 நொடி அளவு பிந்தினால் கடிகாரம். அதுவரை ஒன்றுமில்லாமல் திடீரென்று குதித்தால் ஃப்ரேம். தவிலில் கோல் விழும் இடத்தை வைத்து அளந்தால் துல்லியமாகக் கிடைக்கும். வாயசைவை நம்ப வேண்டாம்.

கயல்:
30-வது நிமிடத்தில் கால் நொடி இருக்கும். அப்புறம் ஊஞ்சல் முடிகிற இடத்தில் படம் கிழிந்த மாதிரி ஓடுகிறது. அதைத் தாண்டியதும் அரை நொடிக்கு மேல்.

ஃப்ரேம்_வேட்டை:
கிழிந்த இடத்தில் குதித்திருக்கிறது. நான் சொன்னதுதான்.

நாடாப்பெட்டி:
கிழிசலுக்கு முன்னாலேயே கால் நொடி எப்படி வந்தது? கடிகாரம். முதலில் அதைச் சரிசெய்துவிட்டு, மிச்சத்தைக் கிழிசலில் வெட்டிப் பொருத்தலாம்.

சேலம்_ஸ்டூடியோ:
கால் நொடியை யார் கவனிக்கப்போகிறார்கள்?

நாடாப்பெட்டி:
கவனிப்பார்கள். ஐடியூ என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் பரிந்துரையின்படி சத்தம் 125 மில்லி நொடி பிந்தினாலே மனிதருக்குத் தெரிய ஆரம்பிக்கும், 185-ஐத் தாண்டினால் ஏற்கத்தக்கதல்ல. கால் நொடி என்பது 250. காசு வாங்கிக்கொண்டு இப்படியா டிஸ்க் கொடுக்கிறீர்கள்?

சேலம்_ஸ்டூடியோ:
என் கடைக் கணக்கை நீங்கள் பார்க்க வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து ஒரு கேசட் மாற்றியவருக்கும் தொழில் செய்பவனுக்கும் வித்தியாசம் உண்டு.

பழைய_விசிஆர்:
எதற்கு இவ்வளவு? விர்ச்சுவல்டப் என்ற வீடியோ சாஃப்ட்வேரில் ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) பகுதியில் வீடியோவும் ஆடியோவும் ஒரே நீளமாகிற மாதிரி மாற்றும் வசதி இருக்கிறது. ஒரு கிளிக். டிஸ்க்கே வேண்டாம், பென் டிரைவில் போட்டு டிவியில் பாருங்கள்.

நாடாப்பெட்டி:
அந்தக் கிளிக் ஃப்ரேம் ரேட்டை 24.995 ஆக்கும். பால் டிவிடிக்கு 25-தான் வேண்டும். டிவிடிக்கு மாற்றும் என்கோடர் மறுபடி 25-க்குக் கொண்டுவர எங்கேயாவது ஃப்ரேமைத் திரும்பப் போடும். படத்தைத் தொடாதீர்கள், சத்தத்தைத் தொடுங்கள் என்று எத்தனை தடவை எழுதுவது?

பழைய_விசிஆர்:
பென் டிரைவ் என்றேனே, படிக்கவில்லையா?

நாடாப்பெட்டி:
கயல் கேட்டது டிஸ்க். அவர் அப்பா வீட்டில் இருப்பது டிவிடி பிளேயர்.

கயல்:
அது நான் எங்கும் சொல்லவில்லையே அண்ணா.

சேலம்_ஸ்டூடியோ:
பார்த்தீர்களா, சொல்லாததை எல்லாம் கற்பனை செய்கிறார். கயல், 48 ஆக்கிவிட்டுச் சொல்லும்மா.

நாடாப்பெட்டி:
அவர் பிடித்ததே 48-ல்!